பொன்னம்மையின் புதிய குரல்

அன்புள்ள ஜோஸ்னா,

பொன்னம்மையின் தலையில் இப்போது எண்ணெய் வழியவில்லை. முதலில் அதைத்தான் கவனித்தேன். நாம் பார்த்த அந்த மலையாளக் கார்ட்டூன் சீரியலில் வரும் தமிழ் வேலைக்காரியைத்தான் சொல்கிறேன். பிறகு அவள் பேசினாள். மூக்கால் இழுக்கும் தமிழ்ப் பேச்சு போய், செய்தி வாசிப்பவரைப் போல நல்ல மலையாளம். பலரும் குறை சொன்னதால் மாற்றிவிட்டார்களாம்.

"இப்ப ஒரு ரசமும் இல்லக்கா. பண்டு உள்ளதாக்கும் ரசம்" என்று, பழைய வேடிக்கை போய்விட்ட சலிப்பில் தங்கை லிஷா சேனலை மாற்றினாள்.

என் மலையாளத்திலும் தமிழ் இழுப்பு உண்டே. ஒன்பதாம் வகுப்பில் நான் மலையாளப் பாடம் வாசிக்க எழுந்தாலே பின்பெஞ்சிலிருந்து "பொன்னம்மே" என்று இழுப்பார்கள். நீயும் சிரிப்பாய். உன்னைக் குறை சொல்லவில்லை. வீட்டில் டிவி முன்னால் நானும் சிரித்தவள்தான். ஆனால் அந்தப் பேர் தாங்காமல்தான் பள்ளிக்கூடம் வருவதை நிறுத்தினேன்.

நேற்று ஜெயபாய் டீச்சர் வந்தார். நீதான் சொல்லி அனுப்பினாயாம். "மக்கா, அந்தப் பேர இப்ப ஒருத்தரும் சொல்லமாட்டாவ. திங்கக்கிழமை வந்தா திரும்ப கிளாஸ்ல சேத்துக்கிடலாம். பெறவு முடியாதாக்கும்" என்றார். அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"வாறேன் டீச்சர்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு முன்பே அது பொன்னம்மையின் பழைய குரலில் என் காதில் கேட்டது. அந்தக் குரலை எனக்கு யாரும் மாற்றித் தரவில்லை, ஜோஸ்னா.

டீச்சர் சாயா குடித்த கிளாஸை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அவர் கிளம்பும்வரை அதைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்தில் இருந்தவள்