மச்சானின் பழுதான ரேடியோ

மச்சான்,

நீங்கள் ஆன்லைனில் வாங்கிய பழுதான ஹாம் ரேடியோ சரியாகிவிட்டது. பேச்சு வெளியே போகவில்லை என்று நேற்று மாடியில் மைக்கைப் பிடித்துக் கத்தினீர்களே, அத்தனையும் எதிர்த்த கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் வந்தது.

"ஹலோ, யாருக்காவது கேக்குதா வே? எங்க மாமியா வைக்கிற மீன் ஆணத்துல ஒரு துண்டு மீனுக்குத் தூண்டில் போடணும் வே!"

பெண்கள் பந்தியே எங்க உம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

நான் சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போகிறேன். சோறு இருக்கிறது. ஊற்றிக்கொள்ள ஆணம் வைக்கவில்லை. உம்மா மதியம் வருவாள், மன்னிப்புக் கேளுங்கள். எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

உங்கள் மனைவி ஷம்ஸியா

உம்மா இப்போது போனில் பேசினாள். மன்னிப்பு வேண்டாமாம், மைக் வேண்டுமாம். கல்யாண வீட்டில் ஸ்பீக்கரை இறக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறாள்.