காற்றைத் திறக்காதீர்

ஜூலை 6, காலை 9:00. வழக்கமான பதிவு
மூன்றாம் மரக்கிடங்கு. பதிவு செய்பவர் மாசிலாமணி, தாவர வேதியியலர். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வளர்ந்த இரும்புச்சவுக்கு மரங்களை வெட்டி, மட்கி அவ்வாயு வெளியேறாதபடி மலைக்குள் காற்றுப் புகாத இக்குகையில் அடுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். மரத்துக்கு வைரம் பாய்ச்சும் பொருள் லிக்னின். இம்மரத்தின் லிக்னினை எந்தக் காளானாலும் உடைக்க முடியாது என்பது நிறுவனம் உலகுக்கு அளித்த சான்று. கடற்கரை நெடுகப் புயல் தடுப்பாக நிற்பதும் இதே மரம். உள்ளேயே ஓர் அடைத்த அறையில் தங்கி அளப்பது என் பணி. வெப்பநிலை சீர். கரியமில வாயு 0.9 சதவீதம், சென்ற வாரம் 0.5. கருவிப் பிழை என்று எழுதலாம். எழுத மாட்டேன்.

ஜூலை 8, பகல் 11:20. ஒப்பீடு
என்னிடமுள்ள இரண்டு கருவிகளும் 1.6 என்கின்றன. மேலே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் வெள்ளியங்கிரி. அவர் திரையில் 0.04. அவர் திரைக்குச் செல்லும் உணரியின் வாயில் மூச்சை ஊதிவிட்டு மறுபடி கேட்டேன்.

"ஏறவுமில்ல, எறங்கவுமில்லீங்க சார். சாமி படத்தாட்டம் அப்படியே நிக்குது."

மனிதன் ஊதியும் அசையாத எண், எண்ணன்று. யாரோ வரைந்த படம். யாரிடம் கைநீட்டினீர் என்று அவரைக் கேட்டேன். திருடன் என்றும் சொன்னேன்.

ஜூலை 9, மாலை 4:05. ஆய்வு
கடைசி அடுக்கைப் பிரித்தேன். வைரக்கட்டை விரலுக்கு அமுங்குகிறது. வெண்மை, பஞ்சின் எடை, ஊடே நூல்நூலாகப் பூஞ்சை. காளான் குடைகள் இன்னும் இல்லை.

ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் காளான்களின் ஒரு குலம் லிக்னினை உடைக்கும் நொதியைப் பெற்றது. ஒரு மரபணு தவறுதலாக இருபடியாகிறது. ஒன்று பழைய வேலையைத் தொடர்கிறது; மற்றது வேலையற்று, தலைமுறைதோறும் சிறிது மாறுகிறது; எப்போதோ ஒருமுறை புதிய பூட்டுக்குச் சாவியாகிறது. இங்கே நடந்ததும் அதுவே. மரபணு வாசிப்பியில் அந்நொதிக்குப் பதினொரு படிகள் தெரிகின்றன. பதினொன்றாவது எந்த ஆய்வேட்டிலும் இல்லாதது.

சோதனையில் இது ஏன் பிடிபடவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. தூய லிக்னின் பொடியை மட்டும் காளானுக்கு வைத்திருக்கிறார்கள். அது தொடவில்லை, சான்று எழுதிவிட்டார்கள். லிக்னின் காளானுக்கு உணவன்று, சுவர். சுவருக்குள் இருக்கும் செல்லுலோஸ் என்னும் சர்க்கரைக்காகவே அது இடிக்கிறது. நெல்லில்லாத களஞ்சியத்தை எந்த எலி துளைக்கும்? இது இயக்குநர் நிர்மலாவுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தே வைத்த சோதனை என்று ஐயுறுகிறேன்.

ஜூலை 10, காலை 10:15. இயக்குநருடன் தொடர்பு
டெல்லியிலிருந்து பேசினார். என் குரல் வெள்ளியங்கிரியின் அறை வழியாக மட்டுமே அவரை அடையும்.

"டாக்டர், பன்னெண்டு நாள்ல ஆய்வுக் குழு வருது. அதுவரைக்கும் கதவு திறக்காது. நீங்க பாத்தது வெறும் ஈரம்."

என் அறையின் பிராணவாயு ஒன்பது நாளுக்கே வரும் என்றேன்.

"அப்போ சிக்கனமா மூச்சு விடுங்க."

கிடங்கைத் திறந்துவிடும்படி நானும் கேட்கவில்லை. கரியமில வாயு மிகுந்திருக்கும்வரை இக்காளான் குடை விரிக்காது. குடையின்றி விதைத்தூள் இல்லை. நல்ல காற்றுப் பட்டால் விரிக்கும். ஆகவே, காப்புடை அணிந்த இருவர் இரட்டைக் கதவு வழியாக என்னை வெளியேற்றி, நச்சுப்புகை செலுத்த வேண்டும் என்றேன். பாதியிலேயே இணைப்பைத் துண்டித்தார்.

ஜூலை 11, காலை 8:40. அவசரம்
"சார், நான் பொய் சொல்லலீங்க. வயரப் புடிச்சுக்கிட்டே போய்ப் பாத்தேன். என்ற திரைக்குக் கீழ இருந்து ஒண்ணுமே வரலீங்க, எல்லாம் அந்தம்மா கம்ப்யூட்டர்ல இருந்து வருது. ஒம்பதுக்கும் பன்னெண்டுக்கும் கணக்கு எனக்கும் தெரியுமுங்க. கதவுச் சாவி அவங்ககிட்ட, குகைக் காத்த மாத்துற ஃபேன் சுவிட்சு நம்மகிட்ட. அவங்க லைனப் புடுங்கிப் போட்டுட்டு ஓட்டி உட்டுட்டேன்."

நிறுத்தச் சொன்னேன். காரணத்தைச் சொன்னேன். முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.

"கெட்ட காத்துல புத்தி தடுமாறும்னு சொல்றாங்க சார். அன்னைக்கு என்னைத் திருடன்னீங்க. இன்னைக்குக் காத்தே வேண்டாங்கறீங்க. பேசாம படுங்க."

வெளியேற்றும் குழாயில் வடிகட்டி இல்லை. உயிர் எதுவும் இராது என்று சான்றளித்த இடத்துக்கு வடிகட்டி எதற்கு?

ஜூலை 13, பிற்பகல் 2:30
கரியமில வாயு 0.1. கட்டைகள் முழுவதும் குண்டூசித் தலையளவு மொட்டுகள். ஒளியின்றி விரியா என்று விளக்குகளை அணைத்தேன், ஆனால் குழாய் வழியே வரும் பகலொளி அவற்றுக்குப் போதுமானதாயிருக்கிறது. தார்ப்பாயால் குழாய்வாயை அடைத்தேன். மோட்டார் அதைக் கிழித்து உள்ளே இழுத்துக்கொண்டது.

வெள்ளியங்கிரியை அழைத்து, நான் சொன்னது தவறு, நீங்கள் நேர்மையானவர் என்றேன். "அது எனக்குத் தெரியுமுங்க சார்" என்றார். மின்விசிறியை நிறுத்தவில்லை.

ஜூலை 15
கையால் கிள்ளுகிறேன். ஓரடுக்கு முடிவதற்குள் முந்தைய அடுக்கு மறுபடி மொட்டுவிடுகிறது. நகங்களில் வெண்மை. பொய் சொன்னவளின் கட்டளைப்படி நடந்திருந்தால் கரையோரம் தப்பியிருக்கும். அவளோ டெல்லியில் தேநீர்

ஜூலை 16, காலை
பிராணவாயு உருளையை மூடிவிட்டேன். தேவையில்லை. காற்று மிக நன்றாக இருக்கிறது.

விரிந்துவிட்டன. எல்லாம். கீழ்ப்புறத்திலிருந்து விதைத்தூள் புகைபோல் இறங்கி, தயங்கி, குழாயை நோக்கித் திரும்புகிறது. வெளியே ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்தால் கிழக்கே கடல்வரை நிற்காது. மரங்கள் அங்கேதான்

"சார், குழாய் வாயில வெள்ளையா, மாவாட்டம் பறக்குதுங்க. கையெல்லாம் ஒட்டுது. வாசம் கூட நல்லாத்தான் இருக்குது. என்னங்க சார் இது?"