நீ கைவிடவிருக்கும் பாடம்

ஸ்காபரோ,
8.9.1996

அன்புள்ள மகள் துர்க்காவுக்கு,

இங்கு அப்பா சுகம், என் முழங்கால் சுகமில்லை, மற்றும்படி குறையொன்றுமில்லை. ஹலிபக்ஸில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாயிருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லக்கூடிய விடயம்தான், ஆனால் அதில் நீ எல்லாவற்றுக்கும் "ஓம் அம்மா" என்பாய், பிறகு என்ன செய்தாய் என்பது எனக்குத் தெரியவராது. சென்ற ஆண்டு சேதன இரசாயனத்தில், அதுதான் உன் ஓர்கானிக் கெமிஸ்ரியில், உனக்கு அறுபத்தெட்டுப் புள்ளி வந்ததும், மருத்துவ பீடத்துக்கு அது போதாது, இந்த ஆண்டு மானிடவியலை விட்டுவிட்டு அதையே இரண்டாம் தரம் எடு என்று நானும் செல்வரட்ணம் மாஸ்ரரும் சொன்னோம். இங்கு வோபர்ன் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுப்பவர் என்பதால் அவர் சொல்லை நம்பினேன். "முதலாந்தரத்தை ஆர் பாக்கிறது, ரீச்சர்? எங்கட பொடியள் மூண்டுதரம் எடுத்து டொக்டரா வரேல்லையோ?" என்றார். ஊரில் அது சரி. உயர்தரப் பரீட்சையில் கடைசித் தரம் நன்றாக வந்தால் முன்னையதை எவரும் கேட்பதில்லை. இங்கும் அப்படித்தானா என்று நாங்கள் இருவரும் யாரிடமும் விசாரிக்கவில்லை. கொழும்பில் தாவரவியல் படித்துப் பட்டம் பெற்று ஊரில் படிப்பித்தவள், ஒரு கருதுகோளைச் சோதித்துப் பாராமலே ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே வியாழக்கிழமை பஸ்ஸும் சப்வேயுமாக மாறி மாறி, இங்குள்ள மருத்துவ பீடமொன்றின் அனுமதி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண், விண்ணப்பம் எனக்கா என்று சிரிக்காமல் கேட்டாள். மகளுக்கு என்றேன்; எனக்கென்றால் தருவீர்களோ என்றும் கேட்டேன். ஒரு படிவத்தை எடுத்து நீட்டிவிட்டாள். தங்கள் பீடத்தில் இரண்டு தரமும் எடுத்த புள்ளிகளைப் பார்ப்பார்களாம், சித்தியடைந்த பாடத்தை ஏன் திரும்பப் படிக்கவேண்டும் என்று அவளுக்கு விளங்கவேயில்லை. அதற்காக மகள் விடப்போகும் பாடத்தில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. விடச் சொன்னவள் நான்.

திரும்பும் வழியில் நூலகத்தில் உன் பல்கலைக்கழகத்தின் பாடநெறிக் கையேட்டைத் தேடியெடுத்து நின்றபடியே வாசித்தேன். அந்த மானிடவியல் பாடத்தில், ஒரே நோயை வெவ்வேறு சமூகத்தவர் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள், வைத்தியரிடம் எதைச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்றெல்லாம் இருக்கிறது. உன் யோகமலர் மாமி நினைவுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை விரதமென்று பிறஷர் குளிசையும் விழுங்குவதில்லை. அவளுடைய வைத்தியர் பாவம், ஒன்றுமறியாமல் குளிசையின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார். ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அவர் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை. வெள்ளைக்காரனுக்கு விரதம் விளங்குமே?" என்றாள். சேதன இரசாயனத்தில் நூறு எடுத்தவனுக்கும் இது தெரியவராது. உன் பேராசிரியர் இதற்கு என்ன சொல்வார் என்றறிய எனக்குப் பெரிய ஆவல். அந்தப் பாடத்தைப் படித்தாயானால் குறிப்புகளைப் பிரதியெடுத்து எனக்கும் அனுப்பு.

மாஸ்ரரிடம் விபரத்தைச் சொன்னேன். "உங்கட பிள்ளை, உங்கட விருப்பம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். விருப்பம் என்னுடையதல்ல, உன்னுடையது. நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அதன் இடத்தில் இன்னொன்றைச் சொல்லவும் மாட்டேன். பாடம் மாற்ற இருபதாம் திகதிவரை அவகாசம் என்றாய். நீ விண்ணப்பிக்கப்போகும் பீடங்களை நீயே விசாரித்து நீயே தீர்மானி. குளிர் வருமுன் நல்ல சப்பாத்து வாங்கு, பழசில் ஓட்டை என்று அப்பா கவலைப்படுகிறார்.

உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்க இருவரும் வாழ்த்துகிறோம். ஒன்றை மறந்துவிடாதே. அந்தப் பெண் தந்த படிவம் மேசையில் கிடக்கிறது. நிரப்பிப் பார்ப்போமென்று பேனாவை எடுத்தால், நீர் ஏன் வைத்தியராக விரும்புகிறீர் என்று அதில் ஒரு கேள்வி. இருபது வருடத்தில் நான் உன்னிடம் கேட்காத கேள்வி. பதில் எழுது. "நீங்கள் சொன்னீர்கள்" என்பதுதான் பதிலென்றால் அதையும் எழுது. ஆனால் இருபதாம் திகதிக்கு முன் எழுது.

இப்படிக்கு,
அம்மா
பரிமளம்