ஏழாவது கல்

மார்ச் 4
கடலோர முகாமில் இரண்டாம் நாள். ஒன்பது மணிக்கு நீர் வற்றியதும் மேடம் எங்களைப் பாறைத் திட்டில் இறக்கிவிட்டார். இருவர் இருவராக வேலை. ஒருத்தி கல்லைப் புரட்டி அடியில் வாழ்வதைக் குறிக்க வேண்டும். மற்றவள் கல்லை இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். தாளில் ‘புரட்டியவர்’, ‘திருப்பி வைத்தவர்’ என்று இரண்டு கட்டம். எனக்கு ஜோடி ஒட்டடைக்குச்சி. ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. வேலை மிச்சமென்று ‘திருப்பி வைத்தவர்’ கட்டம் எல்லாவற்றிலும் அவள் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன். கெட்டிக்காரிதான் நான்!

ஏழாவது கல்லடியில் மஞ்சள் முட்டைகள். பக்கத்தில் விரல் நீள மீன் ஒன்று காவல். அப்பா மீன்தான் காக்குமாம்.

மார்ச் 5
ஏழாவது கல் மல்லாந்து கிடந்தது. முட்டைகளில் பாதியை நண்டு தின்றிருந்தது, மீதி காய்ந்துவிட்டது. மேடம் தாளைப் பார்த்தார். ஒட்டடையிடம், “நாளைக்குப் பவளம் பார்க்கப் போற படகுல நீ வர வேண்டாம்” என்றார்.

நேற்று அவளை அனுப்பியது நான். “தண்ணி ஏறுது, நீ பையை எடு. கல்லை நான் வெச்சுடுறேன்.” பிறகு போட்டோ எடுத்தேன். அலை முழங்காலுக்கு வந்தது. ஓடிவிட்டேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் இடம் போகும். ச்சீ.

மார்ச் 6
பவளம் பார்த்தேன். அழகுதான், மனதில்தான் ஒட்டவில்லை. தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிற ஒட்டடை இதற்காகவே ஒரு வருடம் நீச்சல் பழகினாள்.

படகோட்டி அண்ணன் கேட்டார்: “அந்த உசரமான பொண்ணு எங்க? முந்தாநாளு கரையில நூறு கேள்வி கேட்டுச்சே.”

“உடம்பு சரியில்லைண்ணே.” பொய்க்கு மேல் பொய்.

அக்காவிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். “எங்கிட்ட அழுது என்னடி ஆகப்போகுது? அழ வேண்டிய இடத்துல போய் அழு.” வைத்துவிட்டாள்.

மார்ச் 7
சொல்லிவிட்டேன். காலைச் சாப்பாட்டில், எல்லார் முன்னாலும். மேடம் என்னைத் திட்டவில்லை. ஒட்டடையிடம், “என் தப்பும்மா. உன்னைக் கேக்காமயே முடிவு பண்ணிட்டேன்” என்றார். அறைந்திருந்தால்கூடத் தேவலை.

படகு இனி இல்லை. காற்று மாறிவிட்டதாம்.

“ஏன்டி நீ சொல்லல?” என்று அவளிடம் கேட்டேன்.

“நீ சொல்லுவேன்னு பார்த்தேன்.”

மார்ச் 8
கடைசி நாள். ஜோடி மாற்றிக்கொள்ளலாம் என்றார் மேடம். ஒட்டடை என் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் கல்லைப் புரட்டினேன். சின்ன நட்சத்திர மீன் ஒன்று. குறித்துக்கொண்டு, கல்லை வைக்கக் குனிந்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“நீ புரட்டினா போதும். நான் வெச்சுக்கிறேன்.”

வைத்தாள். பிறகு தாளை என்னிடமிருந்து வாங்கி, தன் பெயரைத் தானே எழுதினாள்.