மயக்கம் என்றொரு பொத்தான்

நாள் 212. காலை 9.10
சிக்னலை வாங்கி மறு அஞ்சல் செய்யும் நிலையம், செவ்வாய்க் கிரகச் சுற்றுப்பாதை. பணியில் ஒரே ஆள்: நெல்லையப்பன், மென்பொருள். மின்சாரம் சீர். அலைவாங்கி சீர்.

தொலைவில் ஒரு சிறுகோளில் சுரங்கம் இருக்கிறது. அங்கே டாக்டர் கிடையாது. சுரங்கக் குடும்பத்துப் பெண்கள் சிலர் சுகாதாரத் தன்னார்வலர்கள். அவர்கள் போனில் நான் எழுதும் முதலுதவி ஆப். இங்கிருந்து பேசினால் அங்கே கேட்க நாற்பது நிமிடமாகும். அதனால் அவசரத்துக்கு ஆப்தான் கதி.

இன்று, பேச்சுமூச்சில்லாமல் கிடப்பவருக்கான ‘நினைவிழப்பு’ பொத்தானை எடுத்துவிட்டேன். ஒருவரும் அதை அழுத்துவதில்லை. யார் பேசுகிறார்கள் அந்தத் தமிழை? ‘தலைசுற்றல்’ என்பதையும் ‘மயக்கம்’ என்று மாற்றினேன். பட்டினியாக வேலைக்குப் போய்த் தள்ளாடுகிறவனை உட்காரவைத்துச் சீனித்தண்ணீர் கொடு, தீர்ந்தது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

நாள் 214. மாலை 4.00
தன்னார்வலர் ஜெபக்கனியின் குரல்பதிவு: “சார், புது ஆப்பு ரொம்ப லேசா இருக்கு. பழசுல படிச்சு முடிக்கதுக்குள்ள ஆளு எந்திச்சுப் போயிருவான்.”

இரண்டு தடவை கேட்டேன். பெருமைதான்.

நாள் 219. காலை 11.20
ஜெபக்கனி: “துளைபோடுற சுயம்பு அண்ணன் மயங்கி விழுந்துட்டாவ சார். கூப்ட்டா கண்ணே தொறக்கல. மயக்கம்னு அமுக்கிட்டேன். சீனித்தண்ணி குடுக்கச் சொல்லுது. குடுக்கேன்.”

கடவுளே. மயங்கி விழுந்தாலும் மயக்கம்தானே. எனக்கு ஏன் தோன்றவில்லை?

காலை 11.26
அனுப்பிய செய்தி: “வாயில் எதையும் ஊற்றாதே! ஒருக்களித்துப் படுக்க வை!” கூடவே ஆப்பையும் திருத்தி அனுப்பிவிட்டேன்: நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. சிவப்பு எழுத்தில்.

காலை 11.33
ஜெபக்கனி: “புரையேறிட்டு சார்! மூச்சு கொறகொறங்குது. தெளியலன்னா இன்னொரு தடவை குடுங்கன்னு போட்டிருக்கே... ஊத்தட்டா?”

அந்த வரி என்னுடையது. என் செய்தி இன்னும் பாதி வழியைக்கூடத் தாண்டவில்லை. அவள் கேட்டதோ நாற்பது நிமிடம் முன்பு; இதற்குள் ஊற்றியிருப்பாள். இங்கே தரையில் உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. என் பெயரை எழுதவே கூசுகிறது.

மதியம் 1.30
ஜெபக்கனி: “அண்ணன் போயிட்டாவ சார். மூச்சு நின்ன பொறவுதான் நீங்க பேசினது வந்துச்சு. அதுக்குப் பொறவு ஓடி வந்தவுக எல்லாரும் போன்ல அதக் கேட்டாவ. சார் ஊத்தாதன்னு சொல்லியும் ஊத்திருக்கா பாருன்னு பேசுதாவ. நான் போனை எடுத்துக் காட்டினேன் சார், ஆப்புதான் சொல்லுச்சுன்னு. பாத்தா செவப்புல போட்டிருக்கு, ஊத்தக் கூடாதுன்னு. பதட்டத்துல நான்தான் சரியாப் படிக்கல போல. அவுக பொண்டாட்டி மூஞ்சில எப்படி முழிப்பேன்? மன்னிச்சிருங்க சார்.”

அவள் படித்த வரியை என் திருத்தம் போய் அழித்திருக்கிறது. அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

மதியம் 2.15
நிர்வாகத்திலிருந்து செய்தி: “ஆப்பில் குறை ஏதும் உண்டா? இன்றைய திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு உங்களிடம் மட்டுமே உள்ளது.”

‘நீ படித்தது சரிதான் ஜெபக்கனி’ என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். திரும்பத் தட்டச்சு செய்தேன்.

மாலை 5.50
இன்னும் அனுப்பவில்லை. நிர்வாகத்துக்கு ‘குறை இல்லை’ என்ற பதில் போய்விட்டது. நான்தான் அனுப்பினேன். அதை மட்டும் ஒரு தடவைகூட அழிக்கவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: அப்போதும் அவள் உயிரோடு இருந்தால் நீங்களாவது சொல்லிவிடுங்கள். அவள் சரியாகத்தான் படித்தாள்.