பையப் பேசச் சொன்ன மகள்

என் அன்பு அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்களுக்குச் சத்தமாகத்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஆனால் நான் இருக்கும் அறையில் அதற்கு வழியில்லை. பக்கத்து அறைக்காரர் தும்மினால் எனக்குக் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் டோக்கியோவில் இருக்கிறேன் அப்பா. பரிமாற்ற மாணவியாக ஓராண்டு. நான் விண்ணப்பம் போட்டது வரைதான் உங்களுக்குத் தெரியும். இடம் கிடைத்த சேதி வந்தபோது நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். "போயிட்டு வாளா. அவுக இருந்தா இந்நேரம் மில்லு வாசல்ல நின்னு ஊருக்கே சொல்லிருப்பாக" என்று அம்மாதான் பிடித்துத் தள்ளினாள்.

ஊருக்கே சொல்லியிருப்பீர்கள், உண்மைதான். முப்பது வருஷம் நூல் மில் இரைச்சலில் நின்ற காது உங்களுடையது. விக்கிரமசிங்கபுரத்தில் நம் தெருவில் பாதி அப்பாக்களுக்கு அப்படித்தான். நம் வீட்டில் உப்பு கேட்டாலே எதிர்வீட்டுக்காரர்கள் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அது சத்தம் என்றே தெரியாமல் வளர்ந்திருக்கிறேன்.

இங்கு வந்த இரண்டாவது வாரம் கதவிடுக்கில் ஒரு சீட்டுக் கிடந்தது. கைபேசியில் மொழிபெயர்த்துப் படித்தேன். 'யாருடனோ சண்டை நடப்பதுபோல் கேட்கிறது. நலமாக இருக்கிறீர்களா? கொஞ்சம் அமைதியாக இருந்தால் நல்லது.' சண்டையும் இல்லை, ஒன்றும் இல்லை அப்பா. ரசத்துக்கு எவ்வளவு புளி கரைப்பது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து குரலை அடக்கிவிட்டேன். ரயிலில் ஒருவர் தோளில் இன்னொருவர் மூச்சுப் படும் அளவுக்குக் கூட்டம், ஆனால் பேச்சே இருக்காது. நானும் அவர்களில் ஒருத்தியாக வாயை மூடி நின்று பழகினேன். சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வார்த்தைகூட வெளியே வந்திருக்காது. "என்னளா, கிணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு? ஒண்ணும் கேக்கல" என்றாள் அம்மா. பக்கத்தில் தொந்தரவாக இருக்குமாம், பையத்தான் பேச வேண்டும் என்றேன். அம்மா சொன்னாள்: "அப்பாட்டயும் இப்படித்தான் சொன்ன."

மறந்துவிடவில்லை அப்பா. பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் எனக்கு வயிறு சரியில்லை என்று கேட்டதும், விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறி ஓமத்தண்ணீர் பாட்டிலோடு வந்தீர்கள். வாசலில் காவலாளி, வார்டன், என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் நிற்க, தூரத்தில் என்னைப் பார்த்த உடனே கேட்டீர்கள்: "ஏளா கோமதி! வயித்துப்போக்கு நின்னுட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன்: "பையப் பேசுங்கப்பா. மானம் போகுது."

அப்புறம் நீங்கள் வாயே திறக்கவில்லை. பாபநாசம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திருகிக் காட்டினீர்கள். மில்லில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. அறுந்த இழையை ஒட்டியாகிவிட்டது, ஒன்றுமில்லை, ஓடட்டும் என்பதற்கு அங்கே அதுதான் சைகை. வீட்டில் அம்மாவோடு சண்டை முடிந்தாலும் அதைத்தான் காட்டுவீர்கள். பதிலுக்கு நானும் விரலைத் திருகியிருக்க வேண்டும். கோபத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும், "இந்தா, அம்மாட்ட பேசு" என்று போனைக் கொடுத்துவிட்டீர்கள்.

கோபம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அம்மா இப்போதுதான் சொல்கிறாள்: "கோவமெல்லாம் இல்லளா. தான் பேசுத சத்தம் அவுக காதுக்கே விழாது. எது பைய, எது சத்தம்னு எப்படித் தெரியும்? பிள்ளைக்குக் கொறச்சலா இருக்கக்கூடாதுன்னு பேசுததையே விட்டுட்டாக."

இதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை அப்பா. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மட்டும் நான் கேட்டிருப்பேனா?

போன வாரம் ரயிலில் ஒரு பெரியவர் பக்கத்து இளைஞனிடம் ஏதோ நிலையத்தைப் பற்றி விசாரித்தார். இன்னும் இரண்டு நிலையம் என்று அவன் மரியாதையாக, மெல்லச் சொன்னான். பெரியவர் தலையாட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். காதில் விழாதபோது நீங்கள் சிரிப்பது அது. வண்டி நின்றதும் அவர் தவறான நிலையத்தில் இறங்கப் போனார்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். உதடு தெரியும்படி முகத்தைக் காட்டி, விரலை நீட்டி, எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் கத்தினேன். "இது இல்லை! அடுத்தது!" நம் வீட்டுக் குரல் அப்பா. பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் குரலைத் தாழ்த்தவில்லை. பெரியவர் முகம் தெளிந்தது.

அடுத்த நிலையத்தில் இறங்கியவர் கண்ணாடிக்கு வெளியே நின்று எனக்குக் குனிந்து வணங்கினார். என்னை அறியாமல் என் கை உயர்ந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து திருகின. அவருக்கு என்ன புரிந்ததோ. அது அவருக்கானதும் இல்லை. வண்டி கிளம்பியதும் அத்தனை பேர் நடுவில் நின்று அழுதேன்.

இப்போது அம்மாவிடம் பேச ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போய்விடுகிறேன். அங்கே ஒருவர் டிரம்பெட் ஊதிப் பழகுகிறார். அவருக்கு நானும் எனக்கு அவரும் தொந்தரவில்லை.

உங்கள் வருஷத் திதிக்கு வந்துவிடுவேன் அப்பா. வந்ததும் முதல் காரியமாக உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, அன்றைக்கு விடுதி வாசலில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்வேன். தெருவே கூடினாலும் சரி, பையச் சொல்லமாட்டேன்.

"நின்னுட்டுப்பா! நீங்க வந்த அன்னைக்கே நின்னுட்டு!"

உங்கள் சத்தத்தில் வளர்ந்த மகள்,
கோமதி