ஃபியட் இன்னும் தயாராகவில்லை

வடக்குத்து, நெய்வேலி
ஞாயிறு

அன்புள்ள அன்புக்கரசிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் காரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும், பிரசவம் பார்க்க மூன்று மாதம் என்று புறப்பட்டுப் பத்து மாதமாகத் திரும்பாத உன் அம்மாவும் சுகமாக இருப்பது படங்களில் தெரிகிறது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிடுகிறாய், நான் பேசுவதை வீட்டில் எல்லோரும் குக்கரும் கேட்கிறார்கள். இது உனக்கு மட்டும். அம்மா படித்தால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள், அப்புறம் பிள்ளையை யார் பார்ப்பது.

மாப்பிள்ளை நம் பழைய ஃபியட்டைச் சென்னையில் பழைய கார் சேர்க்கும் தன் நண்பருக்கு விற்கப் பேசி முடித்தது உனக்குத் தெரியும். ஓடும் நிலைக்கு வந்ததும் அவர் வந்து ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பதினோரு வருஷம் பலாமரத்தடியில் நின்ற வண்டி. பழம் விழுந்து கூரையில் ஏற்பட்ட பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி, காக்கைகள் குளித்து வந்தன. ஒயரிங்கை எலி தின்றிருந்தது. பெட்ரோல் டேங்கைத் தட்டினால் துரு கொட்டியது. பின்சீட்டைத் தூக்கியபோது உன் ஏழாம் வகுப்பு ரேங்க் கார்டு கிடைத்தது. பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று அன்றைக்கு நீ அழுத அழுகை எனக்கு நினைவிருக்கிறது. கணக்கில் முப்பத்தொன்று. கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

வேலைக்கு இன்னாசிராஜ் என்பவர் வந்தார். சுரங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் ராட்சத இயந்திரங்களைப் பழுது பார்த்துவிட்டுக் கடைசி வரை நிரந்தரமாகாமல் கான்ட்ராக்ட் தொழிலாளியாகவே வெளியே வந்தவர். மனைவி லூசியம்மாள் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். முதல் நாள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “இஞ்சின் இவ்ளோதானா சார்?” என்றார். அவர் பார்த்த இயந்திரத்தில் ஏணி வைத்து ஏற வேண்டுமாம். காலை ஆறுக்கு வருவார், இரண்டுக்குப் போவார், இன்னமும் ஏ ஷிப்டுதான். பத்து மணிக்கு நான் டீ போடுவேன். “டேங்க்ல இருந்த துருத் தண்ணி இத்த விட நல்லாருந்துச்சு சார்” என்பார். ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் வந்து நின்றார். லீவு கிடையாதா என்றேன். “வூட்ல குந்திக்கினு சுவத்தப் பாக்கறதுக்கு இங்க வந்து உங்க மூஞ்சியப் பாக்கறேன், ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்றார்.

நான்கு மாதத்தில் வண்டி ஓடிவிட்டது. போன மாதம் குறிஞ்சிப்பாடி வரை போய் வந்தோம். பிரேக் பிடித்தது, ஹாரன் தேவைக்கு மேலேயே அடித்தது. ஆர்.டி.ஓ.விடம் காட்டத் தேதி வாங்குவது ஒன்றுதான் பாக்கி. திரும்பி வந்ததும் இன்னாசிராஜ் ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து எண் வரிசையில் பையில் அடுக்கினார். அவர் எந்த வேலையையும் அவ்வளவு மெதுவாகச் செய்து நான் பார்த்ததில்லை. மறுநாள் பத்து மணிக்குப் பழக்கத்தில் டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன். டீயைப் பற்றி அவர் சொன்னது சரிதான்.

அன்று சாயங்காலம் பானெட்டைத் திறந்து, காயிலுக்குப் போகும் ஒயரை உருவிவிட்டு, வண்டி கிளம்பவில்லை என்று அவருக்குப் போன் செய்தேன். உன்னைப் பொய் சொல்லாதே என்று அடித்து வளர்த்தவன் நான்தான், மறுக்கவில்லை. காலை ஆறுக்கு வந்தார், இரண்டு மணி வரை தேடிக் கண்டுபிடித்தார். அடுத்து பாட்டரி முனையைத் தளர்த்தினேன், பிறகு ஹெட்லைட், பிறகு ஹாரன். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. நேற்றுப் பையைத் தோளில் மாட்டியபடி, “சார், ஒயரு தானா கழண்டுக்காது. நாளைக்கு இன்னாத்தக் கழட்டுவீங்கன்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா, அதுக்கேத்த ஸ்பானர மட்டும் எடுத்தாறேன். பை கனக்குது” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முதல் நாளே தெரியுமா என்று கேட்டேன். “ஆறேகாலுக்கே தெரியும் சார்.” பிறகு இரண்டு மணி வரை எதைத் தேடினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் நண்பர் அடுத்த மாதக் கடைசியில் வண்டி எடுக்க வருகிறாராம். இன்னும் தயாராகவில்லை என்று சொல்லச் சொல். மாப்பிள்ளை பொய் சொல்லத் தயங்குவார், வளர்ப்பு அப்படி. தயங்க வேண்டாம். நாளைக் காலை இஞ்சினையே இறக்குவதாக நானும் இன்னாசிராஜும் முடிவு செய்திருக்கிறோம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது முழு உண்மையாகிவிடும்.

குளிர் காலம், பிள்ளைக்குக் காதை மூடிவை. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. எல்லோரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக இருக்க என் ஆசி. அம்மா எப்போது வருகிறாள் என்று நான் கேட்டதாக நினைக்காதே. ஆனால் விசாவை மறுபடி நீட்டிப்பதாக இருந்தால் மறக்காமல் முன்கூட்டியே எழுது, கியர்பாக்ஸையும் கழற்றிவிடுகிறோம்.

உன் அன்பு அப்பா
தங்கராசு